மூளை ரத்தக்கசிவுக்குப் பிறகு இடுப்பில் குழாய்: வாசகர் கேள்விகள்

அப்பாவுக்கு அனியூரிசம் (மூளை ரத்தக்குழாயில் பலவீனமாகிப் புடைத்த இடம்) வெடித்து, காயில் எனும் மெல்லிய உலோகச் சுருளை வைத்து அடைத்துவிட்டார்கள். பிறகும் முதுகில் குழாய் போட்டு நீர் வடிப்பது ஏன்?

வெடித்த இடத்தை அடைத்தாலும், கொட்டிய ரத்தம் மூளையைச் சுற்றிய நீரில்தான் கிடக்கிறது. அது சிதையச் சிதைய மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கக்கூடும். பெரும்பாலும் 4 முதல் 14 நாட்களுக்குள் இப்படி ரத்த ஓட்டம் குறைந்து, மூளையின் வேறு பகுதி பாதிக்கப்படலாம். பலருக்கு ஊனம் மிஞ்சுவது இதனால்தான். தலையில் வைக்கும் குழாய் மூளை அறைகளின் நீரை எடுக்கும். ரத்தம் அதிகம் தேங்குவதோ மூளையின் அடிப்பகுதியில். இடுப்பு மட்டத்தில் முதுகுத்தண்டு வழியாக வடித்தால் அது கீழ்நோக்கி இறங்கி வெளியேறும்.

இதற்குச் சான்று உண்டா?

உண்டு. 2012இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் (லூமாஸ், 210 பேர்) தாமதமாக வரும் பாதிப்பு 35.2 சதவீதத்திலிருந்து 21 ஆகக் குறைந்தது; ஆனால் 6 மாதம் கழித்துப் பார்த்தபோது இரு குழுவுக்கும் வித்தியாசமில்லை. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, கனடாவில் 287 பேரிடம் நடந்து 2023இல் வெளியான எர்லிடிரெயின் ஆய்வில், கசிவு ஏற்பட்ட 72 மணி நேரத்துக்குள் வடிக்கத் தொடங்கினார்கள். 6 மாத முடிவில் மோசமான நிலையில் இருந்தவர்கள், இறந்தவர்களும் சேர்த்து, குழாய் வைத்த குழுவில் 32.6 சதவீதம், வைக்காத குழுவில் 44.8. இறப்பு விகிதத்தில் மட்டும் தெளிவான வேறுபாடு இல்லை. சீக்கிரம் தொடங்குவதை நான் ஆதரிப்பது இந்த முடிவை வைத்துத்தான். தாமதமாக வரும் பாதிப்பைக் குறைக்கத் தரும் நிமோடிபின் மாத்திரைக்கு இது மாற்றல்ல, அதை வழக்கம்போல் 21 நாள் கொடுக்க வேண்டும்.

எவ்வளவு வடிப்பார்கள்? அதிகமானால்?

எர்லிடிரெயின் ஆய்வில் மணிக்கு 5 மில்லி, அதாவது நாளுக்கு 120 மில்லி. உடல் மணிக்குச் சுமார் 20 மில்லி சுரப்பதால் இந்த அளவைத் தாங்கும். ஆபத்து வேகத்தில் இருக்கிறது. கீழே சட்டென்று அழுத்தம் குறைந்தால் மூளை கீழிறங்கி மூளைத்தண்டை நசுக்கிவிடும். அதனால்தான் முதலில் சிடி ஸ்கேனில் மூளையின் அடிப்பகுதி நீர்ப்பைகள் திறந்திருக்கின்றனவா என்று பார்ப்பது கட்டாயம். அவை அடைபட்டிருந்தாலோ, மூளையில் பெரிய ரத்தக்கட்டி இருந்தாலோ இடுப்புக் குழாய் கூடாது.

படுக்கையின் தலைப்பக்கத்தை நாங்களே உயர்த்தலாமா?

வேண்டாம். வடிகலனின் உயரம் காது மட்டத்தை வைத்து அளந்தது. தலை உயர்ந்தால் நீர் மளமளவென்று இறங்கும். செவிலியர் முதலில் குழாயை மூடி, நிலையை மாற்றி, மட்டம் சரிசெய்து திறப்பார். புரட்டும்போதும் கட்டிலை நகர்த்தும்போதும் இதே முறைதான். தலைவலி கூடினாலோ, வாந்தி, மயக்கம், கண்பாவை ஒருபக்கம் விரிவது தெரிந்தாலோ உடனே கூப்பிடுங்கள்.

காய்ச்சல் வந்தால்?

உடனே சொல்லுங்கள், நீரைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். நாள் கூடக்கூட மூளைக்காய்ச்சல் அபாயமும் கூடும். முதுகுக் கட்டு நனைந்திருந்தாலும் தெரிவியுங்கள்.