லீடர்ஷிப் கன்சல்டிங் வேலை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

18 வருடம் தொழிற்சாலையில் மேலாளர், அப்புறம் 11 வருடமாக மேலாளர்களுக்குப் பயிற்சி. இந்த வேலை பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள்.

கேள்வி: எம்பிஏ முடித்துவிட்டேன், வயது 24. நேராக இதில் சேரலாமா சார்?

சேரலாம், ஸ்லைடு போடவும் அறிக்கை எழுதவும். வகுப்பு எடுப்பது வேறு. என் முதல் வகுப்பிலேயே ஒரு பிளான்ட் ஹெட், "நீங்க எத்தனை பேரை வெச்சு வேலை வாங்கியிருக்கீங்க?" என்று கேட்டார். கேன்டீன் சாப்பாடு சரியில்லை என்று செகண்ட் ஷிஃப்டில் 40 பேர் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்த ராத்திரியைச் சொன்னேன். அதற்கப்புறம்தான் மனிதர் பேனாவைத் திறந்தார். உங்களிடம் அப்படி ஒரு ராத்திரி இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் ஆட்களை மேய்க்கும் வேலைக்குப் போங்கள் தம்பி.

கேள்வி: எந்த சர்டிபிகேட் வாங்கலாம்?

ஐசிஎஃப் என்ற சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு தருவதற்கு மதிப்பு உண்டு. முதல் படியான ஏசிசிக்கு 60 மணி நேரப் படிப்பு, 100 மணி நேர கோச்சிங் அனுபவம். அடுத்த படி பிசிசிக்கு 125, 500. கடன் வாங்கிப் படிக்காதீர்கள்.

கேள்வி: கம்பெனி வேலையிலிருந்து வந்து இதில் பெரிதாக வளர்ந்தவர் யாராவது உண்டா?

வில்லியம் பையம். ஜே.சி.பென்னி என்ற அமெரிக்கக் கடைத்தொடரில் மேலாளர்களைத் தேர்ந்தெடுப்பதும் வளர்ப்பதும் அவர் பொறுப்பு. ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தில் டக்ளஸ் பிரே என்ற உளவியலாளர் 1956-ல் ஒரு ஆய்வு தொடங்கியிருந்தார். 400-க்கும் மேற்பட்டவர்களை உட்கார வைத்து, குவிந்து கிடக்கும் கடிதங்களைப் பைசல் செய்யச் சொல்வது, தலைவர் இல்லாத குழுவாகப் பேச விடுவது என்று சோதித்து, முடிவை அவர்களுடைய மேலதிகாரிகள் கண்ணில் காட்டாமல் பூட்டி வைத்தார்கள். வருடங்கள் கழித்து யார் மேலே போனார்கள் என்று ஒப்பிட்டால், கணிப்பு நன்றாகவே பொருந்தியது. பூட்டி வைத்ததுதான் அழகு. இல்லையென்றால் நல்ல மார்க் வாங்கியவனுக்கே பிரமோஷன் கொடுத்துவிட்டு, "பார்த்தாயா, சரியாகச் சொன்னோம்" என்றிருப்பார்கள். இந்த முறையை வைத்துத்தான் 1970-ல் பையமும் பிரேயும் சேர்ந்து டிடிஐ என்ற லீடர்ஷிப் கன்சல்டிங் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நம் ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ்பி குழு விவாதமும் இதே வம்சம்தான். இரண்டுக்கும் மூலம் இரண்டாம் உலகப்போர் கால ஆங்கிலேய ராணுவத் தேர்வு முறை.

கேள்வி: ஆட்களை 16 வகையாகப் பிரிக்கும் எம்பிடிஐ குணச் சோதனையில் நான் ஐஎன்டிஜே வகை. தலைமைக்குப் பொருந்துமா?

ராசிபலன் பக்கத்தைக் கேளுங்கள்.

கேள்வி: அதை வைத்துத்தான் நாங்கள் ஆள் எடுக்கிறோம், நன்றாகத்தான் போகிறது. கிண்டல் வேண்டாமே?

அதை விற்கும் நிறுவனமே ஆள் எடுக்கப் பயன்படுத்தாதே என்கிறது, அய்யா.

கேள்வி: பேச்சைத் தொடங்கி வைக்கவாவது உதவுமல்லவா?

உதவும், அதற்கு டீயும் உதவும். சரி, கிண்டலை நிறுத்துகிறேன். ஒரு கேள்வி மட்டும்: நீங்கள் நிராகரித்தவர்களில் எத்தனை பேர் வேறு இடத்தில் நன்றாக வேலை செய்கிறார்கள் என்று பார்த்தீர்களா? பார்க்காமல் "நன்றாகப் போகிறது" என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கேள்வி: ஜிஎஸ்டி எப்படிக் கட்டுவது?

ஆடிட்டரைப் பாருங்கள்.

கேள்வி: ஆன்லைன் சர்டிபிகேட் செல்லுமா?

மேலே சொல்லிவிட்டேன். கடன் வாங்காதீர்கள்.

கேள்வி: நான் 20 வருடம் நர்சிங் சூப்பரின்டென்டன்ட். கார்ப்பரேட் அனுபவம் கிடையாது, ஆங்கிலமும் சுமார்தான். எனக்கு இது சரிப்படுமா?

இப்படி ஒருவர் கேட்க மாட்டாரா என்றுதான் காத்திருந்தேன், அம்மா. தீபாவளி ராத்திரிக்கு யார் டியூட்டி, யாருக்கு லீவு என்று 20 தடவை முடிவு செய்திருக்கிறீர்கள். லீவு கிடைக்காதவர் உங்களிடம் என்ன சொன்னார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், தமிழிலேயே. எழுதியதும் எனக்கு அனுப்புங்கள்.