எனக்குக் குளிருது என்று ஜெர்மனில் எப்படிச் சொல்வது?

கேள்வி: நர்ஸ் வேலைக்காக ஜெர்மன் படிக்கிறேன், இப்போது ஏ2 நிலை (தொடக்கப் படிகளில் இரண்டாவது). அக்குசாட்டிவும் டாட்டிவும் போட்டுக் குழப்புகின்றன. இங்கிலீஷில் மாற்றி மாற்றிப் பார்த்தும் பிடிபடவில்லை.
– வாசகி, திருச்சி

இங்கிலீஷ் வழியாகப் போவதுதான் சிக்கலே. அதில் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உருபு கிட்டத்தட்ட இல்லை, நம்மிடம் இருக்கிறது. 'குழந்தைக்குப் பந்தைக் கொடுக்கிறேன்' என்பதை ஜெர்மனில் 'இஹ் கேபெ டேம் கிண்ட் டேன் பால்' என்பார்கள். நாம் சொல்லின் கடைசியில் ஒட்டுகிற 'கு'வின் வேலையை முன்னால் நிற்கிற 'டேம்' செய்கிறது, 'ஐ'யின் வேலையை 'டேன்' செய்கிறது. 'கு' டாட்டிவ், 'ஐ' அக்குசாட்டிவ், அவ்வளவுதான். 'எனக்குக் குளிருது' என்பது 'மியர் இஸ்ட் கால்ட்', 'எனக்குத் தலை வலிக்குது' என்பது 'மியர் டூட் டேர் கோப்ஃப் வே', இரண்டிலும் 'மியர்' நம்முடைய 'எனக்கு'தான். இங்கிலீஷை நினைத்துக்கொண்டு 'இஹ் பின் கால்ட்' என்று சொன்னால் நீங்கள் இரக்கமில்லாத ஆள் என்று அர்த்தம் போய்விடும்! உதவி செய்வதும் அப்படியே: 'உனக்கு உதவுகிறேன்', 'இஹ் ஹெல்ஃபெ டியர்'.

ஆனால் தமிழ் கைவிடுகிற இடங்களும் உண்டு, அவற்றைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாம் ஒருவருக்கு ஃபோன் செய்கிறோம், ஜெர்மனில் ஒருவரை அழைக்க வேண்டும்: 'இஹ் ரூஃபெ டிஹ் அன்', இங்கே வருவது 'உன்னை' என்கிற 'டிஹ்', 'உனக்கு' என்கிற 'டியர்' வராது. கேள்வி கேட்பதும் அக்குசாட்டிவ்தான், 'உன்னிடம் கேட்கிறேன்' என்பதில் வரும் நம் 'இடம்' அங்கே செல்லாது. அப்புறம் 'இன்' என்ற முன்னிடைச்சொல்: 'சினிமாவுக்குப் போகிறேன்' என்பதில் 'கு' இருக்கிறதே என்று டாட்டிவ் போடத் தோன்றும், ஆனால் போகும்போது அக்குசாட்டிவ் ('இன்ஸ் கீனோ'), போய் உள்ளே இருக்கும்போதுதான் டாட்டிவ் ('இம் கீனோ'). தேர்வில் நம்மவர்கள் தடுமாறுகிற இடம் இது, தினமும் இந்த ஒன்றுக்காவது நாலு வாக்கியம் எழுதிப் பாருங்கள்.

கேள்வி: பெயர்ச்சொல்லின் பாலைக் காட்ட அதன் முன்னால் வரும் டேர், டீ, டாஸ் என்ற ஆர்ட்டிகிள்களில் எது என்று கண்டுபிடிக்க விதி இருக்கிறதா?
– வாசகர், கோவை

கொஞ்சம்தான். ஊங், ஹைட், கைட், ஷாஃப்ட் என்று முடியும் பெயர்கள் பெண்பால், 'டீ'. சின்னதாக்கிச் சொல்லும் 'ஹென்' விகுதி வந்தால் ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத 'டாஸ்', அதனால்தான் சிறுமி என்று பொருள்படும் 'மேட்ஹென்' கூட டாஸ். மற்றதெல்லாம் மனப்பாடம், சொல்லை மட்டும் தனியாக எழுதாமல் ஆர்ட்டிகிளோடும் பன்மையோடும் சேர்த்தே எழுதுங்கள்.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்தால் யாரை 'டூ' என்பது, யாரை 'ஸீ' என்பது?
– வாசகி, நாகர்கோவில்

நீ, நீங்கள் பழகிய நமக்கு இது எளிது, ஆனால் அளவுகோல் வேறு. உங்களைவிட இருபது வயது மூத்த சக நர்ஸ்கூட 'டூ' என்றே கூப்பிடச் சொல்வார், வார்டுகளில் அது சகஜம், மரியாதைக் குறைவு என்று கூசாதீர்கள். பெரியவர்களான நோயாளிகள் எல்லோருக்கும் 'ஸீ', ஆண் என்றால் ஹேர், பெண் என்றால் ஃப்ராவ், கூடவே குடும்பப் பெயர். படுத்த படுக்கையாக, நினைவு தப்பி இருந்தாலும் அதே 'ஸீ'தான், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 'டூ'வுக்கு மாறலாம் என்பதை மூத்தவரோ மேலதிகாரியோதான் முதலில் சொல்வது வழக்கம், அதுவரை காத்திருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, டியூட்டிக்குத் தேவைப்படும் என்பதால் சொல்கிறேன். 'ஹால்ப் டிரை' என்றால் மூன்றரை இல்லை, இரண்டரை! மூன்றை நோக்கிப் பாதி வந்தாயிற்று என்பது அவர்கள் கணக்கு. டியூட்டி அட்டவணையில் 14:30 என்றே இருக்கும், வாயால் சொல்லும்போதுதான் 'ஹால்ப்' வரும். சந்தேகம் வந்தால் 'ஃபியர்ட்ஸேன் ஊர் டிரைஸிஷ்?' (பதினாலு மணி முப்பதா?) என்று திருப்பிக் கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.