மூன்று சிலுவைகளிலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிசம்பரில் அலுவலக வேலையாக வார்சா போகிறேன். ஒரு நாளை ஒழித்துக்கொண்டு போலந்தின் துறைமுக நகரமான க்தான்ஸ்க் போய், கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் தொழிலாளர்கள் தொடங்கிய சாலிடாரிட்டி தொழிற்சங்க இயக்கத்தின் அருங்காட்சியகத்தைப் பார்க்கலாமா? லெக் வலேசா என்ற எலக்ட்ரீஷியன் கப்பல் கட்டும் தளத்தின் சுவரேறிக் குதித்து வேலைநிறுத்தத்தைத் தொடங்கினார் என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். போலிஷ் ஓர் எழுத்தும் தெரியாது. எவ்வளவு நேரம் வேண்டும், எதை விட்டுவிடக் கூடாது?

செந்தில்குமார்

அன்புள்ள செந்தில்குமார்,

தாராளமாகப் போகலாம். விரைவு ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். விடிகாலை வண்டியையே பிடியுங்கள், டிசம்பரில் அங்கே மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். க்தான்ஸ்க் நிலையத்திலிருந்து கால் மணி நேர நடை. குளிருக்குப் பயந்து பலரும் நேராகக் கட்டடத்துக்குள் புகுந்துவிடுகிறார்கள். கதை தொடங்குவது வெளியே, கப்பல் கட்டும் தளத்தின் இரண்டாம் எண் வாயிலில்.

1970 டிசம்பர் 12 அன்று, கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம்கூட இல்லாத நேரத்தில், கம்யூனிஸ்ட் அரசு உணவு விலையை ஏற்றியது. 16ஆம் தேதி இந்த வாயிலிலிருந்து வெளியே வந்த தொழிலாளர்களை ராணுவம் சுட்டது. மறுநாள் பக்கத்து ஊரான க்தீனியாவில், வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள். கடலோர நகரங்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வாயிலுக்கு எதிரே நிற்கும், நங்கூரங்கள் தொங்கும் 42 மீட்டர் உயரச் சிலுவைகள் மூன்றும் அவர்களுக்காகத்தான். திறக்கப்பட்டது 1980 டிசம்பர் 16. அதே கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியில் இருக்கும்போதே அது எழுந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். 1970 புரியாமல் 1980 புரியாது.

கட்டடம் துருப்பிடித்த கப்பல் மாதிரி இருக்கும். பராமரிப்பு இல்லை என்று எண்ண வேண்டாம், அந்த எஃகே அப்படிப்பட்டது. மேலே படியும் துரு அடுக்கு உள்ளிருக்கும் எஃகைக் காக்கும், பெயிண்ட் தேவையில்லை. 2014இல் திறந்தார்கள். நிரந்தரக் கண்காட்சி இரண்டு மாடிகளில் ஏழு கூடங்கள். மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆடியோ கைடை வாங்காமல் போகாதீர்கள். முதல் கூடத்திலேயே ஒன்றரை மணி நேரத்தைக் கரைத்துவிட்டு, 1981 டிசம்பரில் வந்த ராணுவச் சட்டக் காலத்துக் கூடத்தை ஓட்டமாகக் கடப்பவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு திரையின் முன்னும் நிற்காதீர்கள், பொருள்களின் முன் நில்லுங்கள்.

முதல் கூடத்தில் கூரை முழுக்க மஞ்சள் ஹெல்மெட்டுகள். அங்கே வைத்திருக்கும் கிரேன் அறையைப் பார்க்கும்போது உங்கள் கதையைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம். அன்னா வாலென்டினோவிச் என்ற கிரேன் ஓட்டுநரை, ஓய்வு பெற ஐந்து மாதம் இருக்கும்போது, 1980 ஆகஸ்ட் 7 அன்று வேலையைவிட்டு நீக்கினார்கள். அவரைத் திரும்ப எடுக்கச் சொல்லித்தான் 14ஆம் தேதி வேலை நின்றது. வலேசா சுவரேறி வந்தபோது அது ஏற்கெனவே தொடங்கியிருந்தது. 16ஆம் தேதி நிர்வாகம் இறங்கி வந்ததும் வேலைநிறுத்தம் முடிந்தது என்று அவரே அறிவித்தும் விட்டார். பெரும்பாலோர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். அப்படியானால் நமக்காக வேலையை நிறுத்திய சின்னத் தொழிற்சாலைக்காரர்கள் கதி என்ன என்று கேட்டுத் தடுத்தவர்களில் வாலென்டினோவிச், நர்ஸ் அலினா பியென்கோவ்ஸ்கா, டிராம் ஓட்டுநர் ஹென்றிகா கிஷிவோனோஸ் மூவரும் முக்கியமானவர்கள். அன்றிரவுதான் ஒரு தளத்தின் பிரச்சினை எல்லாருடைய வேலைநிறுத்தமாக மாறியது. வலேசாவைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒற்றை நாயகன் படமாக இதைப் பார்த்தால் பாதி போய்விடும்.

அதே கூடத்தில் இரண்டு ஒட்டுப்பலகைகள், கையால் எழுதிய 21 கோரிக்கைகள். ஆகஸ்ட் 18 அன்று வாயிலில் மாட்டியவை. ராணுவச் சட்டக் காலத்தில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள், 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. போலிஷ் தெரியாவிட்டால் என்ன, எண்களைப் படியுங்கள். எட்டாவதில் 2000 என்று இருக்கும்: மாதம் 2000 ஸ்வோட்டி (போலந்து நாணயம்) சம்பள உயர்வு. பதினான்காவதில் 50, 55: பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஓய்வு வயது. இருபதாவதில் 40, 100: வெளியூர்ப் படி. கடைசி, எல்லாச் சனிக்கிழமையும் விடுமுறை. முதல் வரி மட்டும் வேறு ஜாதி: கட்சியையும் முதலாளியையும் சாராத தொழிற்சங்கம். பேச்சுரிமை கேட்ட அதே கையெழுத்து, இறைச்சிக்கு ரேஷன் கார்டும் கேட்கிறது. இந்தப் பலகைகளுக்கு மட்டும் பதினைந்து நிமிடம் தரலாம்.

1970இல் கொல்லப்பட்ட இளம் தொழிலாளி ஒருவரின் குண்டு துளைத்த தோல் சட்டையையும் விட்டுவிடாதீர்கள். 1981 டிசம்பர் 13 அன்று ராணுவச் சட்டம் வந்த பிறகு, சட்டையில் குத்திக்கொண்ட மின்னோட்டத்தைத் தடுக்கும் சின்னஞ்சிறு ரெசிஸ்டர் ஒன்று எதிர்ப்பின் அடையாளமானது. போலிஷில் அதன் பெயர் 'ஒபோர்னிக்'. எதிர்ப்புக்கு அங்கே 'ஒபோர்'. ரெசிஸ்டருக்கு நாம் சொல்லும் 'மின்தடை'யில் 'தடை' இருப்பது மாதிரிதான். ரகசிய அச்சகக்காரர்கள் மை கிடைக்காமல், துணி துவைக்கும் பசையில் நிறப்பொடியைக் குழைத்துத் திரை அச்சு போட்டார்கள். அந்தத் துண்டறிக்கைகளில் எழுத்து மங்கித் திட்டுத்திட்டாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1989இல் அரசும் சாலிடாரிட்டியும் பேச்சு நடத்திய வட்டமேசையின் அசல் அங்கே இல்லை, அது வார்சாவில் இருக்கிறது. முடிவில் பார்வையாளர்கள் வெள்ளை, சிவப்பு அட்டைகளில் எழுதி மாட்டும் சுவர் உண்டு, அட்டைகள் சேர்ந்து இயக்கத்தின் பெயராகத் தெரியும். தமிழிலும் எழுதலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.

வெளியே வந்ததும் ரயிலுக்கு ஓடாதீர்கள். சில நிமிட நடையில் பி.எச்.பி. (தொழில் பாதுகாப்பு) கூடம், செங்கல் கட்டடம். 1980 ஆகஸ்ட் 31 அன்று அரசும் வேலைநிறுத்தக்காரர்களும் செய்த ஒப்பந்தம் கையெழுத்தானது அங்கேதான். அது தனி நிர்வாகம் என்பதால் திறந்திருக்கும் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வலேசா கையெழுத்திட்ட, போப்பின் படம் போட்ட அந்தப் பெரிய பேனாவை மட்டும் அங்கே தேட வேண்டாம். அது செஸ்டகோவா மடாலயத்தில் இருக்கிறது.