ஏதோ மறைந்த பாவம் என்கிறார்களே!

கேள்வி: ஒருவருக்கும் கெடுதல் நினைக்காத என் கணவர் விபத்தில் அடிபட்டு, மதுரை பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்தும் படுத்த படுக்கைதான். சபையில் சிலர் ‘ஏதோ மறைந்த பாவம்’ என்கிறார்கள். தேவன் எங்களை நேசிக்கிறார் என்று எப்படி நம்புவது?
– வாசகி, திருமங்கலம்

பதில்: முதலில் அந்தப் பேச்சைத் தள்ளுங்கள் சகோதரி. வேதாகமத்தில், குற்றமில்லாமலே எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் நண்பர்களும் இதையேதான் சொன்னார்கள், கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது (யோபு 42:7) புலம்பித் தீர்த்த யோபுமேல் அல்ல, அவர்கள்மேல்தான். (முதல் 7 நாள் வாய் திறக்காமல் கூடவே உட்கார்ந்திருந்தார்களே, அதோடு நிறுத்தியிருக்கலாம்!) காரணம் என்னவென்று யோபுவுக்கும் கடைசிவரை சொல்லப்படவில்லை. ஆனால் சிலுவையில் ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று கதறியவரிடம்தானே ஜெபிக்கிறோம், கோபமாகவே கேளுங்கள், 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதுவும் ஜெபம்தான். அப்புறம், ராத்திரி துணைக்கு ஆள் அனுப்பச் சொல்லிப் போதகரிடம் கேளுங்கள், நீங்கள் தூங்க வேண்டும்.