எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் வருகிறது. ஆன்லைன் கல்லூரிப் படிப்பில் பிஎச்பி மட்டும் ஏன் பிடிபடவில்லை?

வீடியோ பார்க்கும்போது புரிகிறது, தனியாக எழுத உட்கார்ந்தால் ஓடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். இதுவரை நீங்கள் எழுதியதெல்லாம் பிரவுசருக்குள் ஓடியது. பிஎச்பி சர்வரில் (பக்கத்தை அனுப்பி வைக்கும் கணினியில்) ஓடி முடிந்த பிறகு, அதன் விளைவு மட்டும்தான் பிரவுசருக்கு வந்து சேர்கிறது. வீட்டில் படிக்கும்போது இரண்டும் ஒரே லேப்டாப்பில் இருப்பதால் இந்தப் பிரிவு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதை முதலில் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

லேப்டாப்பையே சர்வராக்கும் ஸாம்ப் தொகுப்பை நிறுவி, அதிலுள்ள வெப் சர்வரான அப்பாச்சியை ஓடவிடுங்கள். பச்சை நிறம் வராவிட்டால், பெரும்பாலும் 80-ஆம் போர்ட்டை (பிரவுசரின் கோரிக்கைகள் வந்து சேரும் வாசலை) வேறு ஏதோ பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். விண்டோஸில் அது பல நேரம் மைக்ரோசாஃப்டின் வெப் சர்வரான ஐஐஎஸ். அப்பாச்சியின் அமைப்புக் கோப்பில் 'லிசன்' வரியை 8080 என்று மாற்றினால் போதும். பிறகு முகவரியிலும் லோக்கல்ஹோஸ்ட்டுக்குப் பின்னால் முக்காற்புள்ளி போட்டு 8080 சேர்க்க வேண்டும். கோப்பை எச்டிடாக்ஸ் ஃபோல்டரில் வைத்து, அந்த முகவரி வழியாகத்தான் திறக்க வேண்டும். டபுள் கிளிக் செய்தால் பிஎச்பி ஓடாது. இடையில் சர்வரே இல்லையே.

இப்போது ஒரே பக்கத்தில் நேரத்தை இருமுறை அச்சிடுங்கள்: ஒன்று பிஎச்பியில், இன்னொன்று ஜாவாஸ்கிரிப்டில். இந்தியாவில் இருந்தால் பல கணினிகளில் இரண்டும் மூன்றரை அல்லது நாலரை மணி நேரம் வேறுபடும். ஸாம்ப்போடு வரும் அமைப்பில் நேர மண்டலம் பெர்லின் என்று இருப்பது வழக்கம். பிரவுசரோ உங்கள் கணினியின் நேரத்தைப் பார்க்கிறது. பிறகு 'வியூ சோர்ஸ்' போய்ப் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் அப்படியே தெரியும், பிஎச்பி இருந்த இடத்தில் வெறும் எண்கள்தான் இருக்கும். இந்தப் பத்து நிமிடப் பயிற்சி இரண்டு வார வீடியோவுக்குச் சமம் என்பேன்.

அடுத்து ஒரே ஒரு பெட்டி உள்ள ஃபார்ம். எஃப்12 அழுத்தி 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு அனுப்புங்கள். கெட் என்றால் நீங்கள் தட்டியது முகவரியிலேயே ஒட்டிக்கொண்டு போகும், போஸ்ட் என்றால் கோரிக்கையின் உடலில் போகும். பக்கம் வந்து சேர்ந்ததும் சர்வர் உங்கள் மாறிகளை மறந்துவிடுகிறது. செஷன் (பயனரின் விவரங்களைப் பக்கத்துக்குப் பக்கம் நினைவில் வைக்கும் வசதி) எதற்கு என்ற கேள்விக்கு விடை அதுதான். செஷனைத் தொடங்கும்போது 'ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்' என்று எச்சரிக்கை வந்தால், பிஎச்பி குறிக்கு முன்னால் ஒரு காலி வரியோ இடைவெளியோ இருக்கிறதா என்று தேடுங்கள். எதுவும் தெரியாவிட்டால் கோப்பை பிஓஎம் (கோப்பின் தொடக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் குறி) இல்லாத யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். அந்தக் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டும் வெளியீடாகவே கணக்காகும்.

டேட்டாபேஸ் பகுதியில்தான் நிறையப் பேர் பழைய பாடங்களில் மாட்டிக்கொள்கிறார்கள். 'மைஎஸ்கியூஎல்_' என்று தொடங்கும் ஃபங்ஷன்களைச் சொல்லித்தரும் வீடியோவை மூடிவிடுங்கள். 2015-இல் வந்த பிஎச்பி 7-லேயே அவை நீக்கப்பட்டுவிட்டன. டேட்டாபேஸோடு பேச பிஎச்பி தரும் பிடிஓவைக் கற்றுக்கொள்ளுங்கள். பயனர் தட்டியதைப் புள்ளி வைத்து எஸ்கியூஎல் (டேட்டாபேஸ் கட்டளை) வரியோடு ஒட்டும் பழக்கம் வரவே கூடாது. ஒட்டினால் என்ன ஆகும் என்று பார்க்க, பெயர்ப் பெட்டியில் டி'சூசா என்று போடுங்கள். நடுவில் உள்ள ஒற்றை மேற்கோள் சரத்தை அங்கேயே முடித்துவிட, வரி உடைந்து பிழை வரும். ஒரு சாதாரணப் பெயரே உடைக்கும் இடத்தில், வேண்டுமென்றே எழுதியவன் உங்கள் அட்டவணையையே படித்துவிடுவான். பிடிஓவின் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்டில் கட்டளை தனியாகவும் மதிப்பு தனியாகவும் போவதால் இந்த ஓட்டை அடைபடுகிறது.

கடவுச்சொல்லை, அதைத் திரும்பப் படிக்க முடியாத சரமாக மாற்றும் பாஸ்வேர்டு_ஹேஷ் வழியாகவே சேமியுங்கள். இப்போதைய வழக்கமான முறையில் அது 60 எழுத்துச் சரம் தரும். அட்டவணையில் அதற்கான நெடுவரிசையை 50 எழுத்துக்கு அமைத்து, சரம் வெட்டுப்பட்டு, சரியான கடவுச்சொல்லுக்கும் லாகின் ஆகாமல் நாள் முழுக்கத் தேடுவது சகஜம். 255 வைத்துவிடுங்கள்.

தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக விழுந்தால் அட்டவணை, இணைப்பு இரண்டுமே யூடிஎஃப்8எம்பி4 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நீளம் எண்ணும்போதும் கவனம் வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லுக்கு ஸ்டர்லென் 15 என்று சொல்லும், ஏனென்றால் அது பைட்டை எண்ணுகிறது. எம்பி_ஸ்டர்லென் 5 என்று சொல்லும். இகரக் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணும். நாம் எண்ணும் 3 எழுத்து வேண்டுமானால் கிராஃபீம்_ஸ்டர்லென். அதற்கு இன்ட்ல் நீட்சி இயக்கத்தில் இருக்க வேண்டும்.

அசைன்மென்ட் சமர்ப்பிக்கும் வாரத்தில், வீட்டில் ஓடியது கல்லூரி சர்வரில் வெள்ளைப் பக்கமாக நிற்கலாம். அங்கே பிழைச் செய்திகள் திரையில் காட்டப்படுவதில்லை. எர்ரர் லாகை (பிழைகள் பதிவாகும் கோப்பை) திறந்தால் வரி எண்ணோடு கிடைக்கும். அந்த சர்வர் லினக்ஸாக இருந்தால், கோப்புப் பெயரிலும் அட்டவணைப் பெயரிலும் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. விண்டோஸ் இதைக் கண்டுகொள்ளாததால் கடைசி நாள் வரை தவறு வெளியே தெரியாது. எல்லாப் பெயர்களையும் முதல் நாளிலிருந்தே சிறிய எழுத்தில் வையுங்கள். டேட்டாபேஸ் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் ஒரே கோப்பில் இருந்தால், அங்கே மாற்ற வேண்டியது அந்த ஒரு கோப்புதான். அட்டவணைகளை, டேட்டாபேஸைப் பிரவுசரிலேயே நிர்வகிக்க உதவும் பிஎச்பிமைஅட்மினில் இருந்து எஸ்கியூஎல் கோப்பாக எடுத்து நிரலோடு சேர்த்து அனுப்ப மறக்காதீர்கள். அது இல்லாமல் திருத்துபவரால் உங்கள் பக்கத்தை ஓட்டிப் பார்க்கவே முடியாது.