சின்ன கிளாரினெட் ஊதக் கடினமாக இருக்கிறதா? கேளுங்கள்

பேண்டில் ஊதியும், மற்றவர்கள் வாத்தியத்துக்குப் பேடு (துளையை மூடும் மெத்தை) மாற்றிக் கொடுத்தும் இருபது வருடம் ஓட்டியிருக்கிறேன். இன்று ஈ ஃப்ளாட் என்கிற சின்ன கிளாரினெட் பற்றி மட்டும்.

கேள்வி: ஆறு வருடமாக பி ஃப்ளாட் (வழக்கமான கிளாரினெட்) ஊதுகிறேன். இப்போது ஈ ஃப்ளாட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். சின்ன வாத்தியம்தானே என்று எடுத்தால் மூச்சு முட்டுகிறது. எனக்குத் தம் போதவில்லையா சார்?

பதில்: தம்மை விடுங்கள். பி ஃப்ளாட்டின் உள்துளை பதினான்கரை மில்லிமீட்டர் சொச்சம், இதில் 13 சொச்சம். காற்று குறைவாகத்தான் போகும், அழுத்தம்தான் சற்றுக் கூட வேண்டும். மூச்சு முட்டுகிற அளவுக்கு இல்லை.

முதலில் மவுத்பீஸும் பேரலும் (அதற்கு அடுத்த குட்டைத் துண்டு) மட்டும் வைத்து ஊதுங்கள். அதிலேயே கஷ்டமென்றால் ரீடு (ஊதும்போது அதிரும் நாக்கு) அல்லது மவுத்பீஸ்தான் காரணம். அது லேசாகப் பேசி, முழு வாத்தியம் மாட்டினால் மட்டும் முரண்டு பிடித்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது. மேல் துண்டைத் தனியே எடுத்து, இடது கையால் துளைகளை மூடி, அடியை வலது உள்ளங்கையால் அடைத்து, மேலிருந்து உறிஞ்சுங்கள். சில நொடி இறுக்கமாக நின்று, கையை எடுத்ததும் ‘பட்’ என்று விட்டால் நல்லது. நிற்கவே இல்லையென்றால் ஒழுகல். எந்தப் பேடு என்று பார்க்க, சிகரெட் தாளை மெல்லிய கீற்றாக வெட்டிப் பேடுக்கு அடியில் வைத்து, கீயை (பேடை இயக்கும் நெம்பு) மூடித் தாளை இழுங்கள். சுற்றிலும் ஒரே பிடி இருக்க வேண்டும்.

பேடெல்லாம் சரியாக இருந்தும் கஷ்டமென்றால் உங்கள் கையைப் பாருங்கள். இதில் கீக்கள் நெருக்கம். பெரிய கைக்காரர்களுக்கு வலது ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி பக்கவாட்டுக் கீயில் தெரியாமல் பட்டு அதைத் திறந்துவிடும். பாதிப் பேரின் ‘ரிப்பேர்’ இதுதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: பி ஃப்ளாட் ஸ்வாப்பை (உள்ளே துடைக்கும் துணி) இதற்குள் இழுக்காதீர்கள். ரெஜிஸ்டர் குழாய் (மேல் ஸ்தாயிக்கான சின்னக் குழாய்) உள்ளே துருத்திக்கொண்டிருக்கும், துணி அதில் மாட்டும்.

கேள்வி: எத்தனாம் நம்பர் ரீடு வாங்கலாம்?

பதில்: பி ஃப்ளாட்டில் எது ஊதுகிறீர்களோ அதிலிருந்து அரை நம்பர் குறைத்துத் தொடங்குங்கள் (நம்பர் கூடினால் ரீடு கெட்டி).

கேள்வி: ரீடு எத்தனை நம்பர் அண்ணா? மூன்று சரியா?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: கர்நாடக சங்கீதத்துக்கு எது நல்லது?

பதில்: பத்மஸ்ரீ ஏ.கே.சி. நடராஜன் வாசித்த வாத்தியத்தில் நான் கருத்துச் சொல்லக் கூடாது. அந்த வழியில் வாசிக்கிற வித்வானிடம் கேளுங்கள்.

கேள்வி: ரீடு விஷயத்தில் நீங்கள் சொல்வது தவறு. ஊர்வலத்தில் நாலாம் நம்பர் போட்டால்தான் சத்தம் கேட்கும். நாகஸ்வரக்காரர்கள் என்ன மெல்லிய சீவாளியா வைக்கிறார்கள்?

பதில்: சீவாளி இரட்டை நாக்கு, இது ஒற்றை நாக்கு. அந்தக் கணக்கு இங்கே வராது. இங்கே ரீடு நம்பர் தனியாக நிற்காது, மவுத்பீஸின் வாய்த் திறப்போடு சேர்ந்ததுதான். திறப்பு அகலமென்றால் மெல்லிய ரீடு, குறுகலென்றால் கெட்டி ரீடு. அகலத் திறப்பில் நாலாம் நம்பரைப் போட்டால் சத்தம் வராது, சீறல்தான் வரும்.

கேள்வி (அவரே): என் வாத்தியார் ‘ஊத ஊதப் பழகும்’ என்பார்.

பதில்: எது பழகும்? தாடையைக் கடித்து ஊதத்தான் பழகும். ரீடு கெட்டியானால் உதட்டை இறுக்குவீர்கள், இறுக்கினால் சுருதி ஏறும், சுருதி ஏறினால் பேரலை வெளியே இழுப்பீர்கள், அப்புறம் ஸ்வரங்களுக்குள் பொருத்தம் போகும். உள் உதட்டில் பல் பதிந்த புண்ணோடு என்னிடம் வந்தவர்களும் உண்டு. வாத்தியார்மேல் எனக்கும் மரியாதை உண்டு. அவருடைய மவுத்பீஸ் குறுகலாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

இன்னொருவர்: நாலாம் நம்பர் அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. திறந்தவெளியில் மெல்லிய ரீடு நசுங்கிப்போகிறதே?

பதில்: நசுங்குகிறது என்றால் உங்களுக்கு அது மெல்லியது, அரை நம்பர் ஏறுங்கள். நாலுக்குத் தாவச் சொல்லவில்லை. கம்பெனிக்குக் கம்பெனி நம்பரும் ஒன்றல்ல.

கேள்வி: பி ஃப்ளாட் ரீடை வெட்டிப் போடலாமா?

பதில்: போடலாம், பலர் செய்கிறார்கள். அடிப்பக்கத்தை வெட்டுங்கள், நுனியை அல்ல. மவுத்பீஸை உப்புத்தாளில் தேய்க்க மட்டும் நினைக்காதீர்கள். வெந்நீரும் வேண்டாம், மவுத்பீஸின் எபொனைட் (கெட்டி ரப்பர்) பச்சையாகி நெளிந்துவிடும்.

கேள்வி: எத்தனாம் நம்பர் ரீடு…

பதில்: தம்பி, மேலே போங்கள்.

கேள்வி (முதலில் கேட்டவர்): சார், பக்கவாட்டுக் கீதான்! விரலை நகர்த்தினேன், வாத்தியம் பேசுகிறது. ஆனால் சந்தோஷத்தில் துடைக்கப்போய்த் துணி உள்ளே மாட்டிக்கொண்டது.

பதில்: பலமாக இழுக்காதீர்கள். போன வழியாகவே மெதுவாகப் பின்னால் எடுத்துப் பாருங்கள், வரவில்லையென்றால் அப்படியே ரிப்பேர்காரரிடம் கொண்டுபோங்கள். எந்த ஸ்வாப்?

கேள்வி: பி ஃப்ளாட்…