காலியான அரியணையும் கீழ்ப்படி நாற்காலியும்

கேள்வி: டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில், மன்னர் இல்லாத கோண்டோர் நாட்டை ஸ்டீவர்டுகள் எனப்படும் ஆட்சிப் பொறுப்பாளர்கள் ஆள்கிறார்கள். முழு அதிகாரமும் கையில் இருந்தும் அவர்களில் ஒருவர்கூட முடிசூட்டிக்கொள்ளாதது ஏன்?

பதில்: மன்னர் எயார்னூர் இறந்துவிட்டார் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாமல் போனதுதான் தொடக்கம். மூன்றாம் யுகத்தின் 2050ஆம் ஆண்டில், எதிரி விடுத்த தனிப்போர் அழைப்பை ஏற்று, சில வீரர்களோடு மினாஸ் மோர்குல் கோட்டைக்குள் சென்ற அவர் திரும்பவேயில்லை. அவருக்குப் பிள்ளையும் இல்லை. எல்லோரும் ஒப்புக்கொள்ளக்கூடிய வாரிசு எவரும் கிடைக்காததாலும், முன்பு அரச குடும்பத்துக்குள் மூண்ட போரின் நினைவு மக்களை அச்சுறுத்தியதாலும், மன்னர் திரும்பும்வரை அவர் பெயரால் கோல் தாங்கி ஆள்வதாக அவருடைய ஸ்டீவர்டான மார்டில் பொறுப்பேற்றார். மார்டில் முதல், நாவலின் காலத்தில் ஆளும் டெனத்தோர் வரை 26 பேர், 969 ஆண்டுகள்!

அந்த அரசவையை டோல்கீன் காட்டும் விதத்தைக் கவனியுங்கள். பல படிகளுக்கு மேலே அரியணை காலியாக இருக்கிறது. அடிப்படியில், அலங்காரம் ஏதுமற்ற கருங்கல் நாற்காலியில், பொற்குமிழ் வைத்த வெண்கோலைப் பிடித்தபடி டெனத்தோர் அமர்ந்திருக்கிறார். அவர்களுடைய கொடியிலும் சின்னம் எதுவும் கிடையாது, வெறும் வெள்ளை. நாட்டையே ஆள்பவர் நாள்தோறும் அந்தப் படிகளுக்குக் கீழே வந்து அமர வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், எந்தச் சட்டத்தையும்விட அந்த நாற்காலியே அவர்களைக் கட்டுப்படுத்தியது என்று எனக்குத் தோன்றுகிறது. டெனத்தோரின் மூத்த மகன் போரோமிர் சிறுவனாக இருந்தபோது, மன்னர் திரும்பாவிட்டால் ஒரு ஸ்டீவர்ட் மன்னராவதற்கு எத்தனை நூறு ஆண்டுகள் ஆகும் என்று அவரிடம் கேட்கிறான். மற்ற நாடுகளில் சில ஆண்டுகள் போதும், கோண்டோரில் பத்தாயிரம் ஆண்டுகளும் போதா என்கிறார் டெனத்தோர். வரலாறு அவர் சொன்ன 'மற்ற நாடுகளின்' பக்கம்தான் இருக்கிறது: பிராங்குகளின் அரண்மனை மேலாளராக இருந்த பெப்பின், 751இல் தம் மன்னரை மடத்துக்கு அனுப்பிவிட்டுத் தாமே முடிசூடிக்கொண்டார்.

கேள்வி: பாதுகையை வைத்து ஆண்ட பரதனோடு டெனத்தோரை ஒப்பிடலாமா?

பதில்: ஒப்பிட்டால்தான் டெனத்தோரின் வீழ்ச்சி எவ்வளவு பெரியது என்பது விளங்கும். இருவர் கதையிலும் தீ மூட்டப்படுகிறது. பதினான்கு ஆண்டுக் கெடு முடிந்தும் இராமன் வரவில்லையே என்று பரதன் தீயில் இறங்கத் துணிகிறான். கம்பனில் அனுமன் பாய்ந்து வந்து, அண்ணன் வந்துவிட்டான் என்று கூவி, அந்தத் தீயைத் தன் கைகளால் அணைக்கிறான். டெனத்தோரோ, இளைய மகன் ஃபாரமிர் பிழைக்க மாட்டான், போரில் தோல்வி நிச்சயம் என்ற விரக்தியோடு, மன்னராகும் உரிமையுள்ள ஆரகார்ன் நெருங்கி வரும் வேளையில் அவருக்குப் பணிய மாட்டேன் என்று சொல்லி, சிதையில் ஏறி, கோலை முழங்காலில் வைத்து முறிக்கிறார். காத்திருப்பதையே கடமையாகக் கொண்ட குலத்தில் பிறந்தவருக்கு, காத்திருந்தவரின் வருகையே தாங்க முடியாததாகிவிட்டது. பேராசைக்காரர் என்று அவரை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காத்த வீட்டை ஒரே நாளில் ஒப்படைக்கச் சொன்னால், எவருக்கும் கை நடுங்கத்தான் செய்யும்.

கேள்வி: மன்னர் திரும்பியபின் அந்தப் பதவி என்ன ஆயிற்று?

பதில்: உயிர் பிழைத்த ஃபாரமிர், நகர வாயிலில் ஆரகார்ன் முன் மண்டியிட்டு, தம் பதவியைத் துறக்க அனுமதி கேட்டு ஒரு வெண்கோலை நீட்டுகிறார். ஆரகார்ன் அதை வாங்கி, அவரிடமே திருப்பிக் கொடுக்கிறார். தம் வம்சம் இருக்கும்வரை அந்தப் பதவி ஃபாரமிருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது என்கிறார். முடிசூட்டு விழா நடந்தது அதற்குப் பிறகுதான்.